பன்னிரண்டு கேன் தண்ணீர்

பெங்களூரு,
9 ஜூன் 2024

தேசம்,

என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று மாதமாகிறது. வேறு போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எதையும் கையால் எழுதியதில்லை, விரல் வலிக்கிறது. என் தம்பி ஃபர்ஹான் அப்பா கடைச் சரக்கு வண்டியில் இங்கே வந்திருக்கிறான். வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பியதும் எண்ணூர் வந்து இதை உன் கையில் கொடுப்பான். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

கண்காட்சியில் நடந்ததை நானும் மறக்கவில்லை. அந்த அம்மா நம் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலும் நீலமும் கலந்த இந்த நிறம் எப்படி வருகிறது என்று கேட்டாள். ஆறு கொடுக்கும் நிறம் என்று சொன்னேன். அதில் என்ன பொய்? நீ பின்னாலிருந்து வந்து, "ஆறு இல்ல மேடம், ஆத்துல கீற சாம்பலு. என் கைய பாருங்க" என்று இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டினாய். அவள் துணியைக் கீழே போட்ட வேகம் உனக்கு நினைவிருக்கும். பதறிப்போய்த்தான் நான் அதைச் சொன்னேன்: "இவ துணி அலசுற பொண்ணு, இவளுக்கு வேல தெரியாது." வாயில் வந்துவிட்டது, தேசம். ஆறு வருடம் சேர்ந்து வேலை செய்தவளை ஒரு பேச்சுக்காக ஒரேயடியாகத் தூக்கிப் போடுவாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது. பிறந்த குழந்தைகளைச் சுற்றி வைக்கும் துணி, இருநூறு. இயற்கைச் சாயம், ரசாயனம் கிடையாது என்று அட்டையில் போட்டு விற்கிற கம்பெனி. அங்கே பொறுப்பில் இருக்கும் ஜெரி நண்டு உருவம் பதித்த நம் துணியைப் பார்த்துவிட்டு, அதே நண்டு, அதே நிறம் வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நிறம் வரவில்லை. எல்லாம் நாம் செய்கிற மாதிரிதான் செய்கிறேன். துணியைக் கடுக்காயில் ஊறவைத்துக் காயவைக்கிறேன். அலையாத்தி இலையை அடுக்கி, குழாயில் இறுக்கிச் சுற்றி, ஆவியில் வேகவைக்கிறேன். பிரித்தால் இலை நரம்போடு பதிந்திருக்கிறது, ஆனால் துணி மஞ்சளாகவே நிற்கிறது. துருத் தண்ணீரில் முக்கினால் ஒரேயடியாகக் கறுத்துவிடுகிறது. நீலம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, துணியும் இற்றுப்போகிறது. நீ என்னிடம் சொல்லாமல் கடைசியில் ஏதோ செய்வாய் என்று தோன்றுகிறது. எவ்வளவு நேரம் ஊறவைப்பாய்? வேறு எதையாவது சேர்ப்பாயா? அதை மட்டும் எழுது.

கோபம் போகாவிட்டாலும் பரவாயில்லை, பதில் போடு.

கௌசர்


எண்ணூர்,
17 ஜூன் 2024

கௌசர்,

கிழிக்கவில்லை. படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணி அலசுகிற பொண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று உன் ஜெரி கேட்டால், பன்னிரண்டாவது பாஸ் என்று சொல்.

ஆறு வருடம் என்று எழுதியிருக்கிறாய். முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? காசிமேட்டில் என் கூடையிலிருந்து மடவை மீன் வாங்கிப் போய், குழம்பு வைக்காமல் அதன் மேல் மை தடவிக் காகிதத்தில் அமுக்கினாய். வந்தது வெறும் கறுப்புத் திட்டு. மறுநாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் கூடைக்கு முன்னால் வந்து நின்றாய். மீனின் வழவழப்பை உப்புப் போட்டுத் துடை, துடுப்பை விரித்துக் குண்டூசி குத்து என்று சொன்னது யார்? நண்டைக் கால் விரித்துப் படுக்கவைத்து ஒரே அமுக்கில் எடுக்க வேண்டும், இரண்டாவது தடவை அமுக்கினால் நண்டுக்கு இருபது கால் வரும் என்று உன் கையைத் தட்டிவிட்டது யார்? துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துப் புளியங்கொட்டை மாவில் குழைத்து மை செய்வது நீ படித்துவிட்டு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். நண்டு என்னுடையது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் எனக்கு வேலை தெரியாது என்றாய். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது நிறம். நான் எதையும் மறைக்கவில்லை. சுருட்டிக் கட்டிய துணி ஒன்று படகிலிருந்து தவறி விழுந்து, நட்டிருந்த கழியில் மாட்டிக்கொண்டு, கடல்நீர் ஏறி வற்றும்வரை, ஒரு ஏற்றமும் ஒரு வற்றமும், தண்ணீரிலேயே கிடந்தது. எடுத்துப் பிரித்தால் இந்த நிறம். நீ கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டாய், அவ்வளவு அழகாம். மங்கம்மா அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, சுடுகாட்டு சாம்பலாட்டம் கீது" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் கழியில் கட்டி, ஒரு ஏற்றம் ஒரு வற்றம் வைத்து எடுத்தோம். எடுத்தோம் என்ன, நான் எடுத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நான் கட்டினேன், நீ கரையில் நின்று போட்டோ எடுத்தாய். ஆறு வருடத்தில் ஒருநாளாவது உன் கணுக்கால் அதில் நனைந்ததா?

அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கும் பக்கம் கட்டினால் நீலம் தூக்கும், கடல் வாய்ப்பக்கம் கட்டினால் வெளிறிப்போகும். இதை நான் உன்னிடம் சொன்னபோது, "அப்போ அந்தப் பக்கமே கட்டு" என்றது நீ. இப்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி எவ்வளவு நேரம் ஊறவைப்பாய் என்று கேட்கிறாய். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரியானால் தீயாய் எரிகிறது. ஆற்றில் கையால் இறால் தடவிப் பிழைக்கிறவளிடம், ஆஸ்பத்திரியில் தண்ணீரில் இறங்காதே என்றார்கள். "எறா தடவுனாதான் சோறு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தண்ணீரில் ஊறியதைப் பிறந்த குழந்தை மேல் சுற்றுவதா? பைத்தியமா உனக்கு? பெரியவர்கள் தோளில் போட்டுக்கொள்வது வேறு. குழந்தை துணியை வாயில் வைத்துச் சப்பும், அக்குளில் வேர்க்கும். மஞ்சளாக வந்தால் மஞ்சளாகவே கொடு. அதுதான் நல்ல துணி.

தேசராணி

(பொண்ணு இல்லை. முப்பத்தொரு வயதாகிறது.)


பெங்களூரு,
26 ஜூன் 2024

தேசம்,

நீ பதில் போட்டதே போதும். திட்டியதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். அழுதேன் என்று எழுதியிருந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நண்டு உன்னுடையதுதான். எங்கே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

நீ சொன்னபடியே ஜெரியிடம் மஞ்சள் துணியைக் காட்டினேன். "டீ கொட்டின மாதிரி இருக்கு" என்றார். சாம்பல் நீலம் இல்லையென்றால் ஆர்டரும் இல்லை. இதை நம்பி நான்கு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன். இது கைவிட்டுப் போனால் பட்டறையை மூடிவிட்டு அப்பா கடையில் உட்கார்ந்து லைனிங் துணி கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். அப்பா அதற்குத்தான் காத்திருக்கிறார். போன் செய்தால் சலாமுக்கு அடுத்த வார்த்தை, "போதும்மா, வூட்டுக்கு வந்து சேரு" என்பதுதான். தோற்றுப்போய் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார என்னால் முடியாது.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஃபர்ஹானிடம் பன்னிரண்டு காலிக் கேன் கொடுத்தனுப்புகிறேன். நீ வழக்கமாகத் துணி கட்டும் இடத்திலிருந்து தண்ணீர் நிரப்பித் தா. இங்கே தொட்டியில் ஊற்றி ஊறவைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி வெயிலில் காயவைத்தால் அதில் என்ன மிஞ்சப் போகிறது? நாம் இரண்டு பேரும் அதே துணியைத் துப்பட்டாவாகப் போட்டுக்கொண்டு திரிந்தோமே, என்ன ஆகிவிட்டது?

இன்னொன்று. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு லேபிள் தைக்கப்போகிறேன். அதில் என் பெயர் இருக்காது. "தேசராணி, எண்ணூர்" என்று உன் பெயர் மட்டும்தான். அன்றைக்குச் சொன்னதை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இதைத்தான் செய்ய முடியும்.

என் அக்கா ஷாஸியாவுக்கு இது எட்டாவது மாதம். தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறாள். முதல் துணி அவள் குழந்தைக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழந்தைக்கே சுற்றப்போகிறேன் என்றால் எவ்வளவு கவனமாக இருப்பேன் என்று நீயே யோசித்துப் பார்.

கௌசர்


எண்ணூர்,
8 ஜூலை 2024

கௌசர்,

ஃபர்ஹான் வந்தான். பன்னிரண்டு கேனையும் நானே நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டேன். அவனைத் தண்ணீர்ப் பக்கம் வரவிடவில்லை. பேண்ட் பாழாகும் என்று சொல்லி டீக்கடையில் உட்காரவைத்தேன்.

பெயர் வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. இத்தனை வருடமாக அந்த நண்டு யாருடையது என்று எனக்கும் மங்கம்மா அத்தைக்கும்தான் தெரியும். என் பெயரைத் துணியில் ஒருதடவையாவது பார்க்க வேண்டும் போல இருக்கிறது. லேபிள் ஒன்றைத் தனியாக எனக்கு அனுப்பு.

நிறம் வந்தால் எழுது. வராவிட்டால் வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் எனக்கு எழுது. இதை மறந்துவிடாதே.

தேசராணி


பெங்களூரு,
5 ஆகஸ்ட் 2024

தேசம், என் தேசம்,

வந்துவிட்டது! அதே நிறம்! உன் கேனைத் திறந்ததும் பட்டறை முழுக்க எண்ணூர் வாசம். என்னிடம் வேலை செய்கிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு ஏற்றம், ஒரு வற்றத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் தொட்டியில் போட்டுவைத்தேன். எடுத்துப் பிரித்தால் அப்படியே நம் ஆறு. ஆறு கொடுக்கும் நிறம் என்று அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை, பார்த்தாயா?

இருநூறையும் சனிக்கிழமை கொடுத்துவிட்டேன். ஜெரி தடவித் தடவிப் பார்த்தார். லேபிளைப் படித்துவிட்டு, யார் இந்த தேசராணி என்று கேட்டார். என்னுடைய தோழி, நண்டைப் பதிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று சொன்னேன். நம்பு, அப்படியேதான் சொன்னேன்.

ஷாஸியாவுக்கு ஜூலை 28 அன்று பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். அவளுக்கும் ஒரு துணி ஃபர்ஹானிடம் கொடுத்தனுப்பினேன். நீ கேட்ட லேபிள் இதோடு இருக்கிறது. இனியாவது என் நம்பரைத் திற.

கௌசர்


எண்ணூர்,
14 ஆகஸ்ட் 2024

கௌசர்,

லேபிள் கிடைத்தது. வெள்ளை நாடாவில் கறுப்பு எழுத்து, நன்றாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அந்தக் கேன்களில் ஆற்றுத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவுக்கு லாரியில் வரும் குடிதண்ணீர். லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். மூன்று லாரிக்கு என் வீட்டுக் குடங்களைச் சேர்த்துவைத்து நிரப்பினேன். அந்த வாரம் முழுக்க நாங்கள் மங்கம்மா அத்தை வீட்டுத் தண்ணீரைத்தான் குடித்தோம். நீ கண்டுபிடிக்கக் கூடாதென்று கேனுக்கு இரண்டு கை கல்லுப்பும், வாசல் மண் ஒரு பிடியும் போட்டேன். வாசத்துக்கு மீன் கழுவின தண்ணீர் ஒரு சொம்பு. நீ என்றைக்காவது அந்த ஆற்றில் இறங்கியிருந்தால் மூடியைத் திறந்ததுமே தெரிந்திருக்கும்.

தர மாட்டேன் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஃபர்ஹானை விட்டே மொண்டுகொண்டு போவாய் என்று எனக்குத் தெரியும். இப்படிக் கொடுத்தால் துணி மஞ்சளாக வரும், நீ அலுத்துப்போய் எனக்கு எழுதுவாய், அப்போது உண்மையைச் சொல்லி மஞ்சளையே கொடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது, என் பெயரும் கெடாது. வராவிட்டால் முதலில் எனக்கு எழுது என்று அதற்காகத்தான் சொன்னேன். நீ என்னடாவென்றால் வந்துவிட்டது என்று குதிக்கிறாய்.

குடிதண்ணீரில் எப்படியடி சாம்பல் நீலம் வரும்? தொட்டியில் என்னத்தைப் போட்டாய்?

நேற்று தண்டையார்பேட்டைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். மூக்கு அப்படியே உன்னுடையது. பழைய லுங்கித் துணியில் சுற்றிப் போட்டிருந்தாள் ஷாஸியா. நண்டுத் துணி எங்கே என்று கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்து வந்தாள், மடிப்புக் கலையாமல். "கௌசரு போன் பண்ணிச்சு. இத கொழந்தைக்கு சுத்தாத, சும்மா அழகுக்கு வச்சுக்கோன்னுச்சு" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓரத்தைக் கொஞ்சம் நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். என் விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது.

உன் அக்கா குழந்தைக்கு ஆகாத துணி மற்ற குழந்தைகளுக்கு மட்டும் ஆகுமா? எங்கள் வீட்டுக் குழந்தைக்கே சுற்றப்போகிறேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதமும் அரிசி டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. நாளைக்கே ஜெரியிடம் போய்ச் சொல். இருநூறையும் திரும்ப வாங்கு. முடியாவிட்டால் என் பெயரையாவது வெட்டி எடு. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினேன், இப்படிப் போடுவதற்கு இல்லை.

தேசராணி


பெங்களூரு,
2 அக்டோபர் 2024

தேசம்,

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. பயந்துபோய்த்தான் எழுதவில்லை. ஒன்றும் நடக்காமல் போய்விடும் என்று நாளைக் கடத்தினேன். நடந்துவிட்டது. பதினோரு குழந்தைகளுக்கு முதுகிலும் கழுத்திலும் கொப்புளம். எல்லாருக்கும் மருந்து போட்டுச் சரியாகிவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. உன் கேன் தண்ணீரில் ஊறவைத்தேன், துணி மஞ்சளாகவே இருந்தது. என் கையில்தான் கோளாறு என்று நினைத்தேன். அதே தண்ணீர், அதே துணி, ஆனால் தேசம் இல்லாமல் வரவில்லை என்று உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கடையில் கறுப்பும் நீலமும் சாயப்பொடி வாங்கிக் கலந்தேன். இரண்டே கொதியில் நிறம் வந்துவிட்டது. ஒட்டாத சாயம் போகிற வரை அலச வேண்டும், அதற்கு நேரமில்லை. ஷாஸியாவிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் ஒன்று, முதலில் ஏமாற்றியது நீ. உப்பும் மண்ணும் போட்டு என்னை முட்டாளாக்கியது நீ. நேராக மறுத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

ஜெரி கூப்பிட்டுக் கேட்டார். லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, "எண்ணூர்னு போட்டிருக்கே, அங்க ஆத்துத் தண்ணி ரொம்ப மோசமாமே, அதுலதான் ஊறவெச்சீங்களா?" என்றார். நான் ஆமாம் என்றேன். நானாகச் சொல்லவில்லை, அவரே எடுத்துக் கொடுத்தார். துணிகளையெல்லாம் திரும்ப வாங்கி எரித்துவிட்டார்கள். விஷயம் பேப்பரிலும் வந்துவிட்டது. தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் உன்னைத் தேடி வருவார்கள். நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

கோபப்படாமல் யோசி. அந்தத் தண்ணீர் விஷம் என்று உன் குப்பத்துக்காரர்கள் பன்னிரண்டு வருடமாக மனுக் கொடுக்கிறீர்கள். யார் வந்தார்கள்? பெங்களூருக் குழந்தைகளுக்குக் கொப்புளம் என்றதும் வருகிறார்கள். சாயப்பொடி என்று சொன்னால் என் பட்டறை மூடும், நான்கு பெண்கள் தெருவுக்குப் போவார்கள், அதிகாரிகள் உன் ஆற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். ஆமாம் என்றால் உங்களுக்கும் நல்லதுதானே?

படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

கௌசர்


எண்ணூர்,
18 நவம்பர் 2024

கௌசர்,

வந்தார்கள். இரண்டு ஜீப், ஐந்தாறு பேர், தெர்மாகோல் பெட்டி நிறையப் பாட்டில். குப்பமே கரையில் கூடிவிட்டது. பெரிய அதிகாரி சட்டைப் பையிலிருந்து என் லேபிளை எடுத்துக் காட்டி, "இது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "இந்தத் தண்ணியிலதான் துணிய ஊற வெச்சீங்களா?" என்றார்.

உன் கடிதம் என் இடுப்பில் இருந்தது. அவர் கையில் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும், என் பெயரும் எனக்கே திரும்பியிருக்கும். மங்கம்மா அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "ஆமான்னு சொல்லுடி. பன்னெண்டு வருசமா கத்திகினு கீறோம், ஒருத்தன் எறங்கல. இன்னிக்குதான் பூட்சு போட்டுகினு வந்துகிறான்" என்று காதோடு சொன்னாள். அவர்கள் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள். நான் இல்லை என்று சொன்னால் திறக்காமலே ஜீப்பில் ஏறிவிடுவார்கள். அத்தையின் கையைப் பார்த்தேன். என் கையைவிட மோசமாக வெடித்திருந்தது.

"ஆமா சார். ஒரு ஏத்தம், ஒரு வத்தம்" என்றேன்.

அவர்கள் இறங்கினார்கள். சாம்பல் கலக்கும் இடத்துக்கே போய் எடுத்தார்கள். இந்தத் தண்ணீர் செய்ததையெல்லாம் நாங்கள் எழுதிக் கொடுத்தபோது ஒருவரும் வரவில்லை. அது செய்யாத ஒன்றுக்காகப் பிடிக்க வந்தார்கள், அதற்கு நான் சாட்சி சொன்னேன். குப்பத்தில் அன்றைக்கு எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை.

போன வாரம் கரையில் ஒரு பலகை நட்டார்கள். இந்த நீரில் இறங்கவோ, துணி நனைக்கவோ, மீன் இறால் பிடிக்கவோ கூடாதாம். தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று முதல்தடவையாக ஒரு பலகை ஒத்துக்கொண்டது, கோர்ட்டுக்குப் போனால் உதவும் என்கிறார்கள். உதவட்டும். சாம்பல் வருகிற வழியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அத்தை பலகையைச் சுற்றிக்கொண்டு இறங்கி இறால் தடவுகிறாள். சந்தையில் எந்த ஊர் இறால் என்று கேட்கிறார்கள், எண்ணூர் என்றால் கையை உதறிக்கொண்டு போகிறார்கள். காசிமேட்டில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழந்தைங்களுக்கு கொப்புளம் வரவச்சது நீதானா?" என்றாள். பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, கௌசர். நான் ஆசைப்பட்டது வீண்போகவில்லை.

உன் பட்டறை ஓடுகிறதாம், ஜெரி திண்டு உறைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாராம், ஃபர்ஹான் சொன்னான். நன்றாக இரு என்று எழுத மனம் வரவில்லை. நானும் ஏமாற்றினேன், மறுக்கவில்லை. கேனில் உப்புப் போட்டது இந்தக் கைதான். நான் சொன்ன ஆமாவில் பாதி அதற்காக, மீதி அத்தைக்காக. உனக்காக அதில் ஒரு சொட்டும் இல்லை.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. யாரிடமும் காட்டப்போவதும் இல்லை. அது அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கும். நீ இனி எழுதாதே, எழுதினாலும் நான் வாங்க மாட்டேன்.

ஷாஸியா குழந்தைக்கு ஒரு துணி செய்து ஃபர்ஹானிடம் கொடுத்திருக்கிறேன். கடுக்காய், அலையாத்தி இலை, நடுவில் ஒரு நண்டு, அலசியது லாரித் தண்ணீர். ஆறும் இல்லை, பொடியும் இல்லை. மஞ்சளாகத்தான் இருக்கிறது, உன் ஜெரிக்கு டீ கொட்டின மாதிரி தெரியும். மூன்று தடவை அலசி, ஒரு நாள் முழுக்க என் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். குழந்தைக்குத் தாராளமாகச் சுற்றலாம். லேபிள் தைக்கவில்லை, இனி எதிலும் தைக்க மாட்டேன். பீரோவில் இருக்கிற உன் துணியிலிருந்தும் என் பெயரை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இது யார் செய்தது என்று அவள் போனில் உன்னைக் கேட்பாள். துணி அலசுகிற பொண்ணு செய்தது என்று சொல்லிவிடு.